மைக் அக்கா அன்பாகப் பேசினால்

எங்கள் பேருந்து நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு அதட்டலைக் கேட்டுவிடுவார்கள்.

“மூன்றாவது நடைமேடையில் தூணுக்குப் பின்னால் நின்று புகை பிடிப்பவரின் கவனத்துக்கு. தூண் உங்களைவிட ஒல்லி. முழுதாகத் தெரிகிறீர்கள்.”

சிகரெட் அணையும். நடைமேடையே திரும்பி அந்த மனிதரைப் பார்க்கும். அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

“இருபத்தொன்றாம் எண் பேருந்து புறப்படும் நேரம் கடந்துவிட்டது. ஓட்டுநர் தலை சீவி முடித்துவிட்டால் வண்டியை எடுக்கலாம்.”

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர், தலை முழுக்க நரைத்த மேலாளர் எல்லோரும். மேலாளர் அவரைவிட மூத்தவர்தான். ஆனால் பயத்துக்கு ஏது வயது.

அறிவிப்பு அறை என்பது ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி. முன்பக்கக் கண்ணாடி முழுக்க அக்காவுடையது. அதன் வழியே எல்லா நடைமேடைகளும் தெரியும். பக்கவாட்டில் வெட்டிய சின்ன ஜன்னல் என்னுடையது. அதன் மேல் ‘விசாரணை’ என்று எழுதியிருக்கும். கேட்க வருகிறவர்கள் கீழே நிற்பதால் எனக்குப் பெரும்பாலும் நெற்றிகள்தான் தெரியும். நெற்றி கேட்கும், நான் விரலால் நடைமேடையைக் காட்டுவேன். முடிந்தவரை பேசாமல் சமாளித்துவிடுவேன். ஒருநாள் ஒரு அம்மாள், “பாவம், இந்தப் பையன் ஊமையா?” என்று கேட்டார். “ஊமை இல்லம்மா, சிக்கனம்” என்று அக்கா மைக்கிலேயே பதில் சொன்னார்.

அக்காவுக்கு ரொம்ப வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஓர் இன்சுலின் ஊசி, இரவில் ஒன்று. ஊசிப் பேனாவும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியும் அவருடைய கைப்பையில் ஒரு நீலப் பைக்குள் கிடக்கும். அதைப்பற்றி அவர் புலம்பியதே இல்லை. சர்க்கரையையும் தாமதமாக வரும் ஒரு வண்டியைப்போலத்தான் நடத்தினார். அதட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அது சரியாகவில்லை. காலையில் பார்த்தால் இருநூற்றைம்பது, முந்நூறு என்று காட்டிக்கொண்டிருந்தது.

வினை அவருடைய நாத்தனார் உருவத்தில் வந்தது. வீட்டுக்காரரின் தங்கையான அந்த அம்மாள் சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, பாதி ஆளாக இளைத்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். அக்காவால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே அவரும் ஆரம்பித்துவிட்டார்.

“இனிமே முட்டை, மீன், கோழி, கீரை. சோத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்” என்று என்னிடம் சொன்னார். மைக் அணைத்திருக்கிறதா என்று பார்க்காமல் சொன்னதால் நிலையம் முழுக்கக் கேட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். சின்னக் கடை வைத்திருக்கிறார். அளவு நாடா கழுத்திலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கு மூடியைத் திறந்து காட்டினார். இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு பொரித்த மீன், கொஞ்சம் முட்டைக்கோஸ்.

“ஏம்மா, சாப்பாட்டைக் குறைச்சிட்டே. ஊசி?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஊசி அதே முப்பது யூனிட்தான்.”

“அதையும் குறைக்க வேணாமா?”

“டாக்டர் எழுதிக் குடுத்தது. அதை மாத்த நான் யாரு, நீங்க யாரு? அட்டவணைன்னா அட்டவணைங்க. ஒத்தை ஆள் ஏறலைன்னாலும் வண்டி நேரத்துக்குப் போகணும். துணி தைக்கிறவங்களுக்கு அதெல்லாம் புரியாது.”

அவர் நாடாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதோடு சரி.

முதல் சில நாட்கள் வெற்றி மேல் வெற்றி. ஒரு காலையில் அக்கா பெருமை தாங்காமல், “நூற்றி நாற்பத்திரண்டு!” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் என் ஜன்னலில் ஒரு நெற்றி வந்து, நூற்றி நாற்பத்திரண்டு எந்த நடைமேடைக்கு வரும் என்று கேட்டது.

அதன் பிறகுதான் அது நடந்தது. காலைக் கூட்டம் வடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கும் பதினோரு மணி வாக்கில். ஒலிபெருக்கி கரகரத்தது.

“அன்பான பயணிகளே…”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அக்காதான்.

“ஐந்தாவது நடைமேடையில பச்சைச் சட்டை போட்ட தம்பி. வாழைப்பழத் தோலைக் கீழ போட்டுட்டீங்க. பரவாயில்லப்பா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

பச்சைச் சட்டைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் தோலை மட்டுமல்ல, அந்த நடைமேடையில் கிடந்த எல்லாத் தோல்களையும் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

“பதினேழு அண்ணே, டீயை நிதானமா குடிச்சிட்டு வாங்க. சூடா இருக்கும், நாக்கைச் சுட்டுக்காதீங்க.”

எங்கள் நிலையத்தில் ஓட்டுநர்களுக்கு அவரவர் வண்டி எண்தான் பெயர். பதினேழு அண்ணன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து வண்டியை எடுத்துவிட்டார். வேலைக்கு உலை வைத்துவிட்டார்கள், அதைத்தான் அக்கா இப்படி நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்தாராம்.

நான் அக்காவைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மைக் பொத்தானில் வைத்திருந்த விரல் லேசாக நடுங்கியது. கண்ணாடியில் விரலால் வட்டம் வட்டமாக ஏதோ போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, உடம்புக்கு ஏதாவது…”

“ஃபேன் சரியா சுத்தலடா கண்ணு” என்றார்.

கண்ணு! மூன்று வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்ட அதிகபட்ச மரியாதை ‘டேய் சிக்கனம்’.

மதியம் முட்டையையும் மீனையும் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் மேசையில் தலை சாய்த்து எழுந்ததும் பழைய அக்கா திரும்பிவிட்டார். “நானா? கண்ணுன்னு சொன்னேனா? உனக்குக் காதுல கோளாறு” என்று என்னை விரட்டினார்.

ஆனால் மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். பதினோரு மணியானால் அக்காவின் குரலில் யாரோ தலை கோதுவதுபோல ஒரு கனிவு இறங்கும். முதலில் மிரண்ட நிலையம் மெல்லப் பழகியது. பிறகு அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் அந்த நேரத்துக்கு ரேடியோவை அணைத்துவிடுவார். வண்டியைத் தவறவிட்ட ஒரு பெரியவரை, “போனது வண்டிதானே ஐயா” என்று அக்கா தேற்றினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, இந்தப் பிள்ளை நூறு வருஷம் இருக்கணும் என்றார்.

மேலாளர் குளிர்ந்துபோனார். “பாத்தியா? சோத்தை நிறுத்தினதும் கோபம் போயிடுச்சு. கோபம் பூரா சோத்துலதான் இருந்திருக்கு” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஊழியர்கள் எல்லோரும் சோறு, ரொட்டியை விட்டுவிட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் அறிவித்தார். தானும் விட்டார். அன்று சாயங்காலமே டீக்கடையின் பின்பக்கம் நின்று பன் தின்றார்.

அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு போன் வந்தது. எல்லா நிலையங்களிலும் இனிமேல் பதிவு செய்த குரல்தான். மெஷின் தானாகப் பேசும். குரலுக்கு உங்கள் நிலையத்திலேயே ஆள் இருந்தால் வந்து கேட்டுப்பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவைச் சொல்லிவிட்டார்.

“பிடிச்சிருந்தா உங்க குரல்தான் எல்லா ஊர் ஸ்டாண்டுலயும். மெஷினை ஓட்டிக்கிட்டு இங்கயே இருக்கலாம்” என்றார் அக்காவிடம்.

“பிடிக்கலைன்னா?”

மேலாளர் கூரையைப் பார்த்தார். “காணாமப் போன பொருள் ரூமுல ஆள் வேணும்னு ரொம்ப நாளா…”

அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாமல். உள்ளே குடைகள் வௌவால்கள்போலத் தொங்கும். ஒற்றைச் செருப்புகள், மூடி இல்லாத சாப்பாட்டுப் பாத்திரங்கள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பல்செட்.

மேலாளர் போனபின் அக்கா ரொம்ப நேரம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் மைக்கில் கிழிகிழி என்று கிழித்திருப்பார்.

“இதை விட்டுட்டு அங்க போய் நான் யாரைத் திட்டுறது? குடையையா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “டேய், நிஜமாவே நான் அப்படிப் பேசுறேனா? கனிவா?”

“ஆமா அக்கா.”

“நானா?”

“பதினோரு மணிக்கு.”

அக்கா அதை நம்பவில்லை. ஆனால் கைவிடவும் இல்லை.

பதிவுக்கு ஒன்றரை வாரம் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை. எல்லா நடைமேடைகளிலும் வண்டி, வண்டிக்கு வெளியே வண்டி, நடுவில் ஜனம். ஒலிபெருக்கி மெதுவாகத் திறந்தது.

“எல்லாரும் கொஞ்சம் இன்ஜினை நிறுத்துங்களேன். எவ்வளவு சத்தம். காத்து எவ்வளவு நல்லா இருக்கு இன்னிக்கு. யாரும் எங்கயும் போக வேணாம். போனா மட்டும் என்ன கிடைச்சிடப் போகுது?”

இதே கேள்வியை நான் மேசைக்கடியில் வைத்துப் படிக்கும் கவிதைப் புத்தகங்களில் எத்தனையோ விதமாகப் படித்திருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு சைக்கிள்கூட நின்றதாகத் தெரியவில்லை. இங்கே முப்பது வண்டி நின்றது. ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாவியைத் திருப்பினார்கள். நிலையத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. ஒரு அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்று உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் கைதட்டிக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்தார். அதற்குள் வெளிச்சாலையில் ஹாரன்கள் கத்தத் தொடங்கின. உள்ளே வர முடியாத வண்டிகள் சாலையை அடைத்துவிட்டன. அவருடைய போன் அடித்தது, உடனே இன்னொரு முறை அடித்தது. கைதட்டல் நின்றது.

அக்கா நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன், குழாயடிக் குடத்தைப்போலச் சில்லென்றிருந்தது. நீலப் பையை எடுத்து, அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடி விரலைக் குத்தினேன். கருவியில் நாற்பத்தெட்டு.

“சார், சர்க்கரை இறங்கிடுச்சு. ஜூஸ்!”

மேலாளர் தன் மேசையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். அக்கா அதைப் பார்த்து ஒரு குழந்தையைப்போலச் சிரித்தார்.

“வேணாம்டா கண்ணு. டயட். அதுல எவ்வளவு சர்க்கரை தெரியுமா?”

மைக் திறந்தே இருந்தது. நிலையமே கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆமால்ல, டயட்டுல இருக்காங்க” என்று மேலாளர் பாட்டிலைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “அவிச்ச முட்டை ஒண்ணு குடுப்பமா?”

நான் தையல்காரருக்குப் போன் போட்டேன். “முட்டையெல்லாம் இதுக்கு ஆகாது தம்பி! சர்க்கரைதான் போகணும். இப்பவே குடிக்க வை. அவ என்ன சொன்னாலும் கேக்காதே! நான் கெளம்பிட்டேன்” என்று அலறினார்.

அக்கா சொன்னதைக் கேட்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் நேரமில்லை. மேலாளர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி அக்காவின் வாயருகே வைத்தேன்.

“குடிங்க அக்கா!”

“கோவிச்சுக்காதே கண்ணு…”

“குடிங்கன்னா குடிங்க! பேசாம குடிங்க!”

அந்தச் சத்தம் என்னுடையதுதான் என்பது ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்து மோதியபோதுதான் தெரிந்தது. கீழே யாரோ, “அந்த ஊமைப் பையனுக்குப் பேச்சு வந்துடுச்சு!” என்றார்கள். அக்கா பயந்துபோய்க் குடித்தார். மடக் மடக்கென்று, பாட்டில் காலியாகும் வரை.

நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி விரலைக் குத்தினேன். எழுபத்தாறு. நடுக்கம் அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. கண் மெல்லக் கண்ணாடிக்கு வெளியே போய், நின்றுகிடந்த வண்டிகளின் மேல் பதிந்தது. புருவம் சுருங்கியது.

“யாருய்யா இன்ஜினை ஆஃப் பண்ணது?”

நிலையமே ஆர்ப்பரித்தது. விசில் அடித்தார்கள். பதினேழு அண்ணன் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

“ஹாரன் எதுக்கு? கல்யாணமா நடக்குது? எடு வண்டியை!”

அன்று மாலை டாக்டரிடம் அக்காவோடு தையல்காரரும் நானும் போனோம். டாக்டர் ஒல்லியான பெண். ஆனால் அக்காவையே உட்காரவைக்கிற குரல்.

“சோத்தைக் குறைச்சது தப்பில்லை. உங்க சர்க்கரைக்கு நல்லதுதான். ஆனா சோத்துக்குக் கணக்குப் பண்ணித்தான ஊசி குடுத்திருக்கேன்? ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணையும் குறைக்கணும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“நாத்தனார் யாரையும் கேக்காமத்தான…”

“உங்க நாத்தனார் ஊசி போடுறாங்களா?”

“இல்ல.”

“அப்ப அவங்க வேற, நீங்க வேற.”

டாக்டர் ஊசியின் அளவை வெகுவாகக் குறைத்தார். தினமும் பலமுறை சர்க்கரை பார்த்துத் தனக்குச் சொல்ல வேண்டும், அதை வைத்து மெல்ல மெல்ல மாற்றுவேன், நீங்களாக எதையும் மாற்றக் கூடாது என்றார். குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் டயட் கியட் எல்லாம் பேசக் கூடாது. தையல்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அக்கா நீலப் பையைத் திறந்து ஊசிப் பேனாவைப் பார்த்தார். பிறகு, “காலி ஸ்டாண்டுக்குத் தினமும் முப்பது வண்டி விட்டிருக்கேன்டா” என்றார். “ஏத்துறதுக்கு ஆளே இல்ல. வந்த வண்டி சும்மா போகுமா? டீக்கடைக்காரர், வாட்ச்மேன், தூணு, பெஞ்சு எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருக்கு.”

ஊசி சரியானதும் அக்காவின் கோபமும் முழு வீச்சில் திரும்பியது. பதினோரு மணி பத்து மணியைப்போலவே இருந்தது. மேலாளர்தான் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பதிவு. கனிவான குரல் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறார்.

மறுவாரம் புதன்கிழமை எங்கள் அறைக்கு வந்து பேனாவை மூடித் திறந்துகொண்டு நின்றார். “அக்கா… வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும்… அந்தப் பழைய அளவு…”

அவர் தலை போச்சு என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், திட்டாமல். மேலாளர் அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியேறினார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“ஒரு நாள்தானே தம்பி” என்றார் அக்கா, கண்ணாடியைப் பார்த்தபடி. “பக்கத்துல நீ ஜூஸோட நின்னா…”

“வேணாம் அக்கா.”

“எனக்கு அந்தக் குடை ரூம் வேணாம்டா.”

நான் என் மேசை இழுப்பறையைத் திறந்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை என் மேசை இழுப்பறையில் இரண்டு ஜூஸ் பாட்டில், ஒரு டப்பா குளுக்கோஸ், டீக்கடையில் வாங்கிய சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் தயாராக இருந்தன. பதினேழு அண்ணன் சட்டைப்பை மிட்டாயால் புடைத்திருந்தது. மேலாளர் குற்ற உணர்ச்சியில் பெரிய ஜாடி நிறையச் சர்பத் கரைத்து வைத்திருந்தார். கதவுக்கு வெளியே தையல்காரர் கழுத்தில் நாடாவோடும் கையில் ஒரு டம்ளரோடும் நின்றார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுக்காரர் வந்தார். காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார். ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு, “ஆரம்பிக்கலாம்மா” என்றார்.

அக்கா கண்ணை மூடித் திறந்தார். மைக்கின் பக்கம் குனிந்தார்.

“அன்பான பயணிகளே. உங்கள் பேருந்து வந்துகொண்டிருக்கிறது. அவசரம் வேண்டாம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்…”

அதே குரல். அதே பதினோரு மணி.

போட்டுவிட்டார், பழைய அளவைப் போட்டுவிட்டார்! நான் பாட்டிலோடு பாய்ந்தேன். எதிர்ப்பக்கமிருந்து பதினேழு அண்ணன் மிட்டாயோடு பாய்ந்தார். மேலாளர் ஜாடியை எடுத்தார், பாதி பதிவுக்காரரின் மடியில் கொட்டியது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தையல்காரர் டம்ளரை நேராக அக்காவின் வாய்க்கே கொண்டுபோனார்.

“தள்ளுங்கடா!”

எல்லோரும் நின்றோம்.

அக்கா கைப்பையை இழுத்து, நீலப் பையைத் திறந்து, எங்கள் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் குத்தினார். கருவியைத் திருப்பிக் காட்டினார்.

“படி! சத்தமா படி!”

“நூத்திப் பதினெட்டு” என்றேன்.

“நடிச்சேன்டா, தடிப்பசங்களா! ரெண்டு நாளா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்திருக்கேன்! பழைய ஊசி போட்டுச் சாகுறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? அதுக்கும் இந்த மனுசன் விட்டாரா? ‘ஏங்க, நீங்க தெச்ச சட்டை நல்லா இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பழகினேன். மூக்கைப் பிடிச்சு ஜூஸை ஊத்திட்டாரு! ராத்திரி பாத்தா இருநூத்தி அறுபது!”

தையல்காரர் நாடாவைப் பிசைந்தார். “கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள் நீ அப்படிச் சொன்னதில்லையேம்மா. நான் எப்படி நம்புறது?”

பதிவுக்காரர் மடியைத் துடைத்துக்கொண்டே, “இந்தக் கடைசிப் பகுதியை எடுத்துடலாம், இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மறுபடி பதிவு நடந்தது. இம்முறை நாங்கள் நால்வரும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டோம். அக்கா அன்பாகப் பேசப் பேச ஒவ்வொரு வரிக்கும் எங்கள் உடம்பு தூக்கிப் போட்டது.

தலைமை அலுவலகத்துக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லா நிலையங்களிலும் அதுதான். மற்ற ஊர்களில் ஜனங்கள் அதைக் கேட்டு மகிழ்கிறார்களாம்.

எங்கள் நிலையத்தில்தான் சிக்கல் ஆகிவிட்டது. மெஷின் வந்த முதல் நாள் ஒலிபெருக்கி, “அன்பான ஓட்டுநர்களே, புறப்படும் நேரமாகிவிட்டது” என்று தொடங்கியது. ஒரு வண்டியும் நகரவில்லை. பதினேழு அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு மிட்டாயோடு படியேறி ஓடிவந்தார். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஒரு டீயைக் கொடுத்தனுப்பினார். வழக்கமாக வருகிற பயணிகள் கண்ணாடியை அண்ணாந்து பார்த்து, “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று கத்தினார்கள். மதியத்துக்குள் மேசையில் மிட்டாய் குவிந்துவிட்டது. வெளிச்சாலையில் ஹாரன்கள் தொடங்கின.

மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து வந்து, அணைத்துவைத்திருந்த பழைய மைக்கை அவரே அக்காவின் முன்னால் நகர்த்தினார்.

“மெஷின் அது பாட்டுக்குப் பேசட்டும் அக்கா. பின்னாடியே நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

இப்போது எங்கள் நிலையத்தில் இப்படித்தான் நடக்கிறது. முதலில் அக்காவின் குரல், தலை கோதுவதுபோல:

“அன்பான பயணிகளே, பதினேழாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. அவசரம் வேண்டாம்.”

பழைய மைக் திறக்கும் ஒரு ‘டொக்’. பிறகு அக்கா:

“அவ கெடக்கா. அவசரம் வேணும். பதினேழு, எடு வண்டியை!”

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும்.

போன வாரம் வேலை முடிந்து நான் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா, “டேய் சிக்கனம்” என்றார். நான் திரும்பினேன்.

“அன்னிக்கு நீ போட்ட சத்தம் நல்லா இருந்துச்சுடா. அப்பப்ப அப்படிப் பேசு. பாத்து வீட்டுக்குப் போ.”

அவருடைய மேலுதட்டைப் பார்த்தேன். வியர்வை இல்லை. விரலைப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஆனாலும் என் கை தன்னால் இழுப்பறைப் பக்கம் போனது.

“கையை எடு” என்றார் அக்கா. “நூத்தி இருபது. இப்பதான் பாத்தேன்.”

கையை எடுத்தேன். அவர் அதற்குள் கண்ணாடிப் பக்கம் திரும்பி மைக்கைத் தட்டிவிட்டார்.

“இரண்டாவது நடைமேடையில் பெஞ்சு முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருப்பவரின் கவனத்துக்கு. கால் எவ்வளவு நீளம் என்று எல்லோரும் பார்த்துவிட்டோம். மடக்கலாம்.”